லட்டு பட்டினி கிடக்கவில்லை

1

எங்கள் வீட்டுக்கு லட்டு வந்து இன்றோடு ஒரு வருடம். காலையில் மகள் நிவி அதைத் தராசில் வைத்து நிறுத்தாள். ஐந்நூற்றுப் பதினெட்டு கிராம். வந்த அன்று நூற்றுத் தொண்ணூறு.

லட்டு ஒரு பாம்பு. குட்டி மலைப்பாம்பு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். அதனால்தான் நிவி அதற்கு லட்டு என்று பெயர் வைத்தாள்.

போன வாரம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து தம்பி பேசினான். "அக்கா, நீ பாம்பு வளக்கிறியாமே? இஞ்ச சனம் கதைக்குது. உண்மையோ?"

"ஓம், உண்மைதான்" என்றேன்.

"உனக்கென்ன விசரே?"

பைத்தியமா என்று அவன் கேட்டால் பரவாயில்லை. கேட்க உரிமை உள்ளவன். ஆனால் கதைக்கிற சனம் என்றானே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ எழுதியிருக்கலாம். பாம்பைப் பற்றி எழுத வேண்டி வந்திருக்கிறது. அதற்கு நான் வெட்கப்படவில்லை.

பாம்பை முதலில் வைத்திருந்தவள் நிவியின் வகுப்புத் தோழி ஒருத்தி. அவளுடைய அப்பாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. பாம்பைக் கொண்டுபோக முடியாது. யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். நிவிக்கு அப்போது பதின்மூன்று வயது. மூன்று நாள் என்னோடும், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் என் கணவர் முரளியோடும் மாறி மாறிப் பேசினாள். நான்காம் நாள் முரளி சரி என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது.

வந்தது முறைப்படிதான் வந்தது. வெளிநாட்டு விலங்குகளை வீட்டில் வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். முரளி பெயரில் விண்ணப்பித்து, லட்டுவின் படங்களை அனுப்பி, பதிவுத் தாளை வாங்கினோம். இந்த ஊரில் இருப்பதற்கு எனக்கும் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்கப் போகும்போது சுகந்தி என்ற என் பெயரில் 'க'வுக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்ற கேள்வி வரும். திருமணச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. லட்டுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே எழுத்துக்கூட்டல்.

2

சென்னைக்கு வந்த புதிதில் பாண்டி பஜார் கூட்டத்தில் முரளியைத் தவறவிட்டேன். பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். "இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள். அவர் சென்னைக்காரர், தன் மனைவி கூப்பிடும் சொல் அது என்று அப்போது அவருக்கே தெரியாது.

மளிகைக் கடையில் உள்ளி கேட்டேன். கடைக்காரர் வெங்காயத்தைக் காட்டினார், பிறகு உளுந்தைக் காட்டினார். நான் கையால் தட்டி நசுக்குவது போலக் காட்டியபோது சிரித்துக்கொண்டே பூண்டை எடுத்து வைத்தார். கேலிச் சிரிப்பு இல்லை. ஆனால் அடுத்த கேள்வி வந்தது. "நீங்க சிலோனா?" அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்பதை நான் ஒரு மாதத்திலேயே படித்துவிட்டேன். சிலர் பாவம் பார்ப்பார்கள். சிலர் போரைப் பற்றிக் கேட்பார்கள். வாடகைக்கு வீடு காட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், கையில் எடுத்த சாவியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் என் தமிழை மடித்து வைத்தேன். கதைக்கிறதைப் பேசுறதாக்கினேன். குசினியைக் கிச்சனாக்கினேன். தியாகராய நகரில் பிளவுஸ் தைக்கும் கடையில் அளவெடுக்கும் வேலை கிடைத்தபோது வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டிய சொற்களை வீட்டில் சொல்லிப் பழகினேன். "மூச்சு இழுக்காதீங்க, சாதாரணமா நில்லுங்க." அவ்வளவுதான். ஒருவரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நன்றாக ஒளிந்துகொண்டேன்.

நிவிக்கு ஒளிய வேண்டிய தேவை இல்லை. அவள் இந்த ஊர்ப்பிள்ளை. தோழிகளோடு மச்சி என்று பேசுவாள். தம்பி தொலைபேசியில் கதைத்தால் பாதி புரியாமல் என்னைப் பார்ப்பாள். "மாமா இன்னா சொல்றாரு மா?" என்பாள். 'இன்னா' என்று அவள் என்னைச் சீண்டுவதற்காகத்தான் சொல்கிறாள் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஏதோ ஒன்று ஒரு படி கீழே இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை லட்டுவின் சாப்பாட்டு நாள். எலி வளர்த்து, கொன்று, உறைய வைத்து விற்கும் ஒருவரிடம் வாங்குகிறோம். அதற்கென்று பால்கனியில் தனியாக ஒரு சின்னக் குளிர்பெட்டி இருக்கிறது. முதல் நாளே ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் தனி டப்பாவில் வைத்து உறைவு நீங்க விட வேண்டும். மறுநாள் பைக்குள் போட்டு வெந்நீரில் வைத்தால் உடம்பு சூடு வரும். சூடு இல்லாவிட்டால் லட்டு அதை எலி என்றே ஒத்துக்கொள்ளாது. பிறகு நீளமான இடுக்கியால் வாலைப் பிடித்து அதன் முன் மெல்ல ஆட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய எலி? நிவிக்கு அது மனப்பாடம். லட்டுவின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ, எலியின் தடிமனும் அவ்வளவே. எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினால் தப்பில்லை. சாப்பிட்ட பிறகு வயிற்றில் லேசான புடைப்பு தெரிய வேண்டும், கல்லை விழுங்கியது போல இருக்கக்கூடாது. இரண்டு நாள் தூக்கக்கூடாது. தூக்கினால் கக்கிவிடும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தேதி, எலியின் எடை, லட்டுவின் எடை, தோலுரித்த நாள். பள்ளிக்கூட நோட்டில் அந்தக் கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

3

மார்கழியில் லட்டு சாப்பிடுவதை நிறுத்தியது.

முதல் வாரம் எலியை முகர்ந்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. இரண்டாம் வாரம் முகரவும் இல்லை. மூன்றாம் வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஒளிந்துகொள்ள வைத்திருந்த மண் ஓட்டுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. நிவி தினமும் எடுத்துத் தராசில் நிறுத்தாள். பள்ளிக்குப் போகும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை. முந்நூற்று எண்பத்தெட்டு, முந்நூற்று எண்பத்தைந்து, முந்நூற்று எண்பத்திரண்டு. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியிலிருந்து வந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இட்லி அப்படியே இருக்கும்.

நான்காம் வாரம் அடையாறில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். இளம்பெண். லட்டுவைக் கையில் எடுத்து முதுகில் இரண்டு விரலை வைத்து மெல்ல ஓட்டினார். வாயைத் திறந்து பார்த்தார். நிவியின் நோட்டை முழுவதும் படித்தார்.

"முதுகெலும்பு தடவினா தெரியணும், பாத்தா தெரியக்கூடாது. இதுக்குப் பாத்தா தெரியல. உடம்பு குறுக்குவெட்டுல ஓட்டுக் கூரை மாதிரி இருக்கும், ஆனா உச்சி மழுங்கி இருக்கணும். உச்சி கூரா ஆச்சுன்னா மெலிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மடிப்பு விழுந்து, செதிலுக்கு நடுவுல தோல் தெரிஞ்சா கொழுத்துடுச்சுன்னு அர்த்தம். இது ரெண்டும் இல்ல."

"அப்ப ஏன் சாப்ட மாட்டேங்குது?" என்றாள் நிவி.

"இந்த இனம் குளிர்காலத்துல நிறுத்தும். பல வாரம்கூட. நீ தினமும் ரெண்டு தடவை தூக்கறியா?"

நிவி தலை குனிந்தாள்.

"வாரம் ஒரு தடவை போதும். எடை பத்துல ஒரு பங்கு கொறைஞ்சா என்கிட்ட வா. முந்நூத்தி அம்பதுக்குக் கீழ போச்சுன்னா வா. அதுவரைக்கும் அதைச் சும்மா விடு. வாயைத் திறந்து திணிக்கவே கூடாது."

ஆட்டோவில் திரும்பும்போது நிவி லட்டு இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெரு திரும்பும்போதுதான் சொன்னாள். "நான்தான் மா பயமுறுத்திட்டேன்." நான் அவள் தலையைத் தடவினேன். சொல்ல வேண்டியது என் பழைய தமிழில்தான் வாயில் வந்தது. வழக்கம்போல விழுங்கிவிட்டேன்.

4

அடுத்த சோதனை ஒரு தெர்மகோல் பெட்டியில் வந்தது.

எலிப் பார்சலைக் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு எண்ணைத் தவறாகப் படித்து இரண்டாம் மாடியில் கொடுத்துவிட்டார். அங்கே இருப்பவர் கோமதி மாமி. மயிலாப்பூரிலிருந்து மாறி வந்தவர். வெங்காயம்கூட வாங்காத வீடு. மகள் அனுப்பிய பட்சணம் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஆறு வெள்ளை எலிகள், உறைந்து விறைத்து வரிசையாக.

அவருடைய அலறல் எங்கள் நான்காம் மாடிவரை கேட்டது. நான் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். வாசலைக் கழுவித் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அளவில் அவர் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

"பாம்புக்கா இது? அது சாப்பிடறதே இல்லைன்னு உங்க பொண்ணு லிஃப்ட்ல அழுதுண்டு சொன்னாளே. வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டுண்டு, அது ஒரு நாள் பசியில வெளில வந்து கொழந்தைகளப் பிடிச்சுண்டா என்ன பண்றது?"

இரண்டு நாளில் அந்தக் கட்டிடத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. நாங்கள் பாம்பைப் பட்டினி போடுகிறோமாம். அந்த ஒரு சொல்தான் எனக்கு ஆறவில்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரியாது, தம்பிக்கும் நினைவிருக்காது. போரில் இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். அவனுக்கு இரண்டு வயது. பிள்ளைகளின் நிறை பார்க்க நிவாரணம் கொடுக்கிற ஆட்கள் வந்தார்கள். வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டி, துணித்தொட்டிலில் பிள்ளையை வைத்துத் தொங்கவிட்டார்கள். தம்பி கதறினான். ஒரு அட்டையில் எழுதிவிட்டு அந்த மனிதர் அம்மாவைப் பார்த்து, "நிறை காணாது. பிள்ளைக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்றார்.

அம்மா தொட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னா: "நீங்கள் தாற மாவிலதான் குடுக்கிறன். கூடத் தாருங்கோ, கூடக் குடுக்கிறன்."

அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தாயைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் எது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

5

கட்டிடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எங்களுக்கு ஒரு கடிதம் போட்டார். ஞாயிறு மாலை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம், விஷயம் பாம்பு.

அன்று காலை ஸ்டெல்லா மீன் கொண்டுவந்தாள். பட்டினப்பாக்கத்தில் கடை போடுபவள். வாரம் இரண்டு நாள் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவாள். என் வயதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க, காட்டு அத்த" என்று கூடையைக் கீழேயே வைத்துவிட்டு மேலே வந்தாள். நிவி கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் திறந்தாள். ஸ்டெல்லா தொடவில்லை. குனிந்து தலையிலிருந்து வால்வரை ஒரே பார்வையில் பார்த்தாள்.

"யாரு சொன்னா பட்டினின்னு? பட்டினி கெடந்த மீனு தல பெருசா, ஒடம்பு ஒட்டிக்கினு, முதுகு கத்தி மாறி நிக்கும். கடல்ல எவ்ளோ பாத்துக்கீறேன். இது நல்லா உருண்டுக்கினு கீது. அவங்களுக்கு இன்னா தெரியும்? நீ பயப்படாதக்கா. போய் நல்லாக் கேளு."

மருத்துவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றுதான். எனக்கு அன்று இரண்டாவதுதான் அதிகம் உதவியது.

மாலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இருபது பேருக்கு மேல். செயலாளர் ஓய்வுபெற்றவர், எதையும் நிதானமாகச் சொல்பவர்.

"இங்க பாருங்க மேடம், கவர்ன்மெண்ட்ல பதிவு பண்ணியிருக்கீங்க, சரி. ஆனா அபார்ட்மெண்ட் ரூல்னு ஒண்ணு இருக்கு. உங்க ஓனர்கிட்ட பேசிட்டோம். அசோசியேஷன் வேண்டாம்னு சொன்னா வீட்ட காலி பண்ணச் சொல்றேன்னு சொல்லிட்டார்."

மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். "உங்க ஊர்ல இதெல்லாம் சகஜமா இருக்கலாம். இங்க நாங்க ஃபேமிலியோட இருக்கோம்."

எந்த ஊர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பதினேழு வருடம் மடித்து வைத்தது யாருக்கும் தெரியாது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முரளி எழுந்தார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் எழுந்தேன். வாயைத் திறந்தபோது வந்தது கடையில் பழகிய தமிழ் இல்லை.

"ஓம், என்ர ஊர் யாழ்ப்பாணம். அங்க ஒருத்தரும் பாம்பு வளக்கிறேல்ல. இது ஆப்பிரிக்கப் பாம்பு. எனக்கும் இஞ்ச இருக்கிறதுக்குக் கடுதாசி இருக்கு, அதுக்கும் கடுதாசி இருக்கு. ரெண்டையும் கொண்டுவந்திருக்கிறன். பாத்திட்டுக் கதையுங்கோ. எலிப்பெட்டி மாமி வீட்டுக்கு வந்தது பிழை. இனி வராது, நானே கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவன். ஆனா பட்டினி போடுறம் எண்டு சொன்னியள். அதை மட்டும் நான் விடமாட்டன். பிள்ளை, தராசைக் கொண்டு வா."

நிவி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நான் அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை. மாடிக்கு ஓடித் தராசையும், நோட்டையும், தலையணை உறைக்குள் லட்டுவையும் கொண்டுவந்தாள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. இரண்டு பேர் எழுந்து லிஃப்ட் பக்கம் போய்விட்டார்கள்.

லட்டு தராசுத் தட்டில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. இருபது மனிதர்களுக்குப் பயந்து தலையை ஒளித்துக்கொண்டது.

"முந்நூத்தி எழுபத்தொண்ணு" என்றாள் நிவி. "அங்கிள், கடைசியா சாப்ட அன்னிக்கு முந்நூத்தி எண்பத்தெட்டு. ஆறு வாரத்துல பதினேழு கிராம்தான் கொறஞ்சிருக்கு. பத்துல ஒரு பங்கு கொறஞ்சாதான் பிரச்சின, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லாம் இந்த நோட்ல இருக்கு. நாங்க வாரா வாரம் வைக்கிறோம். அதுக்கு வேணாம்."

யாரும் கிட்டே வரவில்லை. பிறகு கோமதி மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். மூன்றடி தள்ளி நின்று, கழுத்தை நீட்டித் தராசைப் பார்த்தார்.

"முந்நூத்தி எழுபத்தொண்ணுதான் காட்டறது" என்று திரும்பிக் கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு நிவியிடம், "இவ்வளவுதானா? அரைக்கிலோகூட இல்லையே. நான் என்னமோ நெனச்சுண்டு பயந்துட்டேன். இது யார என்ன பண்ணும்?" என்றார். உடனே என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "ஆனா எலி எங்காத்து வாசலுக்கு வரப்படாது. சொல்லிட்டேன்."

"வராது மாமி" என்றேன்.

மூன்றாம் மாடிக்காரர் சமாதானமாகவில்லை. இன்றுவரை லிஃப்டில் நான் இருந்தால் அவர் படியில் ஏறுகிறார். ஏறட்டும். கை தூக்கச் சொன்னபோது ஏழு வீடு சரி என்றது, நான்கு வீடு வேண்டாம் என்றது. எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு அனுமதிக்கலாம் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

6

பிறகு ஒரு புதன்கிழமை நிவிக்குப் பள்ளியில் தேர்வு. ஞாயிறன்று லட்டு தோலுரித்துக்கொண்டிருந்ததால் சாப்பாடு வைக்கவில்லை. "நீயே வச்சுப் பாரு மா, சாப்டாதுன்னு தெரியும், சும்மா வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதுவரை இடுக்கியைத் தொட்டதில்லை. எலியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, வாலைப் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே நீட்டினேன்.

ஓட்டுக்கு அடியிலிருந்து தலை வந்தது. நாக்கை நீட்டியது. கழுத்து ஆங்கில 'S' போல வளைந்து நின்றது. அடுத்த கணம் இடுக்கியை யாரோ பிடுங்கியது போல இருந்தது. நான் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். பார்த்தபோது லட்டு எலியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து அது தலையை முதலில் தேடிப் பிடித்து, தாடையை ஒரு பக்கமும் மறுபக்கமுமாக நகர்த்தி, முழுதாக விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கடைக்கு அரைமணி நேரம் தாமதம். முதலாளியிடம் காரணத்தைச் சொன்னேன், என் தமிழிலேயே. அவருக்கு எலி மட்டும் புரிந்தது.

உறுதிமொழிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவரச் செயலாளருக்கு மூன்று வாரம் ஆனது. பெட்டி பூட்டியிருக்கும், பாம்பைப் பொது இடத்துக்குக் கொண்டுவர மாட்டோம், எலிப் பார்சல் வாசலுக்கு வராது. எல்லாம் நியாயம்தான். முரளி கையெழுத்துப் போட்டார். அடுத்த கோட்டில் நான் பெயரை எழுதினேன். சுகந்தி முரளி. அதற்குக் கீழே இடம் இருந்தது. கொக்குவில், யாழ்ப்பாணம் என்று எழுதினேன்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மேடம், சொந்த ஊர் நாங்க கேக்கலையே."

"தெரியும்" என்றேன். "இருக்கட்டும்."